முந்தியது செப்பா, வினாவா?

கோழி முந்தியதா, முட்டை முந்தியதா என்று கேட்டுச் சிரிப்பது பழைய விளையாட்டு. அதே விளையாட்டைச் சொல்லின்மீது ஏற்றி, வினா முந்தியதா, விடை முந்தியதா என்று கேட்டுவிட்டால் இலக்கிய அன்பர்களுக்கு ஒரு மாலைப்பொழுது இனிதே கழியும். கேளாதவனிடம் எவன் வந்து சொல்வான் என்று ஓரணி தொடங்கும். ஒன்றுமே சொல்லப்படாத உலகில் எதைப் பற்றிக் கேட்பான் என்று மற்றோரணி மடக்கும். இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று நடுவர் தீர்ப்பு வழங்கிவிட்டு வீடு போய்ச் சேர்வார். நம் வட்டத்தின் பத்தாண்டுகளில் இத்தகைய மாலைகளுக்குக் குறைவில்லை.

ஆயினும் இவ்வழக்கு நடுவர்கள் நினைப்பதுபோலத் தீர்ப்பின்றி விடப்பட்டதன்று. நமக்குக் கிடைத்துள்ள இலக்கண நூல்களுள் மூத்தது இதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்வந்த நூலொன்று மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. இவ்வழக்கிற்குச் சான்று சொல்லவல்ல நூல்களும் கதைகளும் தமிழில் பல உள்ளன. அவற்றுள் சில, வேறெங்கும் தேட வேண்டாமல், நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்களையே பிறப்பிடமாக உடையவை.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். அதன் 13-ஆம் நூற்பா, செப்பினையும் வினாவினையும் வழுவாமல் காக்க வேண்டும் என்கிறது. செப்பு என்பது விடை. நாம் இயல்பாக 'வினாவிடை' என்று சொல்வோமேயன்றி 'விடைவினா' என்று சொல்வதில்லை. தொல்காப்பியரோ செப்பை முன்னும் வினாவைப் பின்னும் வைத்தார். ஓசைக்காக அப்படி அமைந்திருக்கலாம் என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் உரைமரபு தள்ளவில்லை. ஒன்று ஏன் முன்னே வைக்கப்பட்டது, மற்றொன்று ஏன் பின்னே வைக்கப்பட்டது என்று கேட்பதே உரையாசிரியர்களின் தொழில். வினா இல்லாமலும் செப்பு நிகழும் என்பது அவர்கள் கண்ட காரணம். அதற்கு அவர்கள் கொண்டுவந்து நிறுத்தும் ஆள் ஒரு வழிப்போக்கன். குமரித் துறையில் நீராடி வருகிறான். ஒரு வீட்டின் முன் நின்று, தான் நீராடி வந்த செய்தியைத் தானே சொல்லிச் சோறு கேட்கிறான். எங்கிருந்து வருகிறாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்க அவன் பசி இடந்தரவுமில்லை.

இலக்கணம் கற்பிப்போர் இவ்வெடுத்துக்காட்டை விரைந்து கடந்துவிடுகிறோம். எனக்கோ இதில் ஒரு பெரிய செய்தி இருப்பதாகத் தோன்றுகிறது. மொழியின் முதல் அசைவு அறியும் விருப்பத்திலிருந்து பிறந்ததன்று. சொல்லியாக வேண்டிய நெருக்கடியிலிருந்து பிறந்தது. குழந்தையின் முதல் அழுகையும் ஒரு செப்புத்தான். அதன் பிறகுதான் தாய் 'என்ன வேண்டும்?' என்று கேட்கிறாள்.

தொல்காப்பியர் இதனோடு நிற்கவில்லை. அடுத்த நூற்பாவில், ஒரு வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பே ஆகும் என்கிறார். நேராகச் சொல்லும் விடையைச் செவ்வன் இறை என்றும், வேறொன்றைச் சொல்லிக் கருத்தை உணரவைக்கும் விடையை இறை பயப்பது என்றும் உரைகள் பிரிக்கும். இவை ஏட்டுப் பிரிவுகள் அல்ல. ஆலைக்குப் போகும் பெண்கள் தெருமுனையில் பேசிக்கொள்வதைக் கேட்டால் போதும். "அக்கா, நாளைக்கு வேலை இருக்கா?" "மானம் மூடிக்கிட்டு இருக்கே." மழை வந்தால் மருந்து உலராது, வேலை இராது என்பது இருவருக்கும் தெரியும், ஆதலால் இது இறை பயப்பது. "நீ வருவியா?" "வராம வீட்ல இருந்து என்ன செய்ய?" இது வினா எதிர் வினா. கேட்டவளுக்கு விடை கிடைத்துவிட்டது. கூடவே, கேளாத வேறொன்றும் கிடைத்துவிட்டது.

இனி, பவணந்தி முனிவரின் நன்னூல். சீயகங்கன் வேண்டுகோளால், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்பர். அங்கே முறை மாறுகிறது. வினா அறுவகை என்று முதலில் ஒரு நூற்பா. விடை எண்வகை என்று அடுத்த நூற்பா. வினா முன்னே வந்துவிட்டது. செப்பு என்னும் பழஞ்சொல்லின் இடத்தை விடை என்னும் சொல் பிடித்துக்கொண்டதும் கருதத்தக்கது. செப்புதல் என்றால் சொல்லுதல். அதற்கு எதிரே ஓர் ஆள் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. விடை என்றாலோ வினாவின் நிழல் அதன்மேல் விழுந்தே கிடக்கும்.

ஏன் இந்த மாற்றம்? நன்னூல் வகுப்பறையின் நூல் என்பது என் துணிவு. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் எத்தகையவர், மாணாக்கர் எத்தகையவர், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று விரிகிறது. வினாவுதலும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலும் கற்போர் கடமைகளுள் வைக்கப்பட்டுள்ளன. உரைக்குரிய 14 உறுப்புகளிலும் வினா முன்னும் விடை பின்னுமாக நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் வினா முந்தியாக வேண்டும். இல்லையேல் பள்ளிக்கூடம் நடவாது. ஆனால் ஆசிரியர் கேட்கும் வினாவை உரையாசிரியர்களின் பிரிவில் எங்கே வைப்பது? அறியாமையால் கேட்பது அறியான் வினா. ஐயத்தால் கேட்பது ஐயவினா. அறிந்ததையே வேறொரு பயன் கருதிக் கேட்பது அறிபொருள் வினா. நானும் என் போன்றோரும் தேர்வுத்தாளில் அச்சிடும் வினாக்கள் அனைத்தும் மூன்றாம் வகையே. விடை எங்கள் கையில் முன்பே இருக்கிறது. அதற்குப் பொருந்த வினா சமைக்கிறோம். விடுகதை போடும் பாட்டியும் இதையே செய்கிறாள், எங்களைவிட அழகாக. ஆக, வினாவுக்கு முதலிடம் தந்த வகுப்பறையிலும் திரைக்குப் பின்னால் செப்புத்தான் முந்தி நிற்கிறது.

உரை என்னும் நூல்வகையே இவ்வாறு பிறந்ததுதான். நூற்பா ஏற்கெனவே இருக்கிறது. உரையாசிரியன் அதன் முன் அமர்ந்து, எந்த ஐயத்தைத் தீர்க்க இது எழுந்திருக்கும் என்று பின்னோக்கி ஒரு கேள்வியைக் கட்டுகிறான். இறையனார் களவியல் உரை சொல்லும் வரலாற்றைப் பாருங்கள். பாண்டிய நாட்டில் 12 ஆண்டு வற்கடம். அது நீங்கிய பின் பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைக்கவில்லை. அரசன் வருந்த, ஆலவாய்க் கடவுள் 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இடுகிறார். நூல் கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை. சங்கத்தார் ஆளுக்கோர் உரை காண்கின்றனர். எது மெய்யுரை என்று தீர்க்க, பேசாத சிறுவன் உருத்திரசன்மன் நடுவனாக இருக்கிறான். மெய்யுரை கேட்டபோது அவன் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது கதை. நடுவன் வாய் பேசாதவன் என்பதைக் கதை சொன்னவர் வேண்டுமென்றே அமைத்திருப்பார் போலும். அவன் கேள்வியும் கேட்கவில்லை, விடையும் சொல்லவில்லை.

இதைவிடப் புகழ்பெற்ற கதை தருமியுடையது. அதன் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரில் நிற்பது. தலைவியின் நலத்தைப் பாராட்டும் தலைவன் ஒரு தும்பியை அழைத்து, நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலைப்போல் மணப்பது உண்டோ என்று கேட்கிறான். பாட்டு அவ்வளவே. அங்கே அரசனில்லை, பொற்கிழியில்லை, ஐயமில்லை. இலக்கண நோக்கில் அப்பாட்டே ஒரு வினா. அதுவும் விடை வேண்டாத வினா. தும்பி பேசாது என்பது தலைவனுக்குத் தெரியும். தலைவி கேட்கவேண்டும் என்பதற்காகவே தும்பியிடம் பேசுகிறான்.

7-ஆம் நூற்றாண்டில் அப்பர் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில், இறைவன் புலவனாகச் சங்கம் ஏறித் தருமிக்குப் பொற்கிழி அளித்த செயலைக் குறிப்பிடுகிறார். கிழி வந்துவிட்டது, தருமியும் வந்துவிட்டான். ஆனால் கூந்தல் மணம் பற்றிய ஐயமும் நக்கீரர் வழக்கும் அவ்விடத்தில் இல்லை. பின்வந்த திருவிளையாடற் புராணங்களிலேயே கதை முழு உருவம் பெறுகிறது: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் ஐயுறுகிறான்; விடையெழுதி வருவோர்க்குப் பொற்கிழி என்று அறிவிக்கிறான்; ஏழைத் தருமிக்கு இறைவன் பாட்டெழுதித் தருகிறான்; நக்கீரர் குற்றம் கூறுகிறார். அதாவது, பாட்டு முன்னே இருந்தது. அதனை விடையாக்கும் வினா சில நூற்றாண்டுகள் கழித்துச் செய்யப்பட்டது.

செய்தவர் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. கதை இல்லையேல் பாட்டைக் கேள்விப்படாதவர் பலராயிருப்பர். ஆயினும் இழப்பு ஒன்று உண்டு. காதலன் ஒருவன் தும்பியிடம் நாணத்தோடு கேட்ட மென்மையான வினா, கூந்தலின் இயற்கைமணம் உண்மையா பொய்யா என்னும் வழக்காகச் சுருங்கிவிட்டது. இன்று அப்பாட்டைச் சொன்னாலே மாணவியர் நக்கீரர் பக்கமா, சிவன் பக்கமா என்றுதான் கேட்கின்றனர். தலைவியின் பக்கம் எவரும் போவதில்லை. பின்னால் மாட்டப்பட்ட வினா, முன்னால் இருந்த செப்பைத் தன் அளவுக்கு வெட்டிக்கொண்டது. 1965-இல் வந்த ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் படத்தில் நாகேஷ் ஏற்ற தருமி, வினாவும் பொறுப்பை நீ ஏற்கிறாயா, நான் ஏற்கட்டுமா என்ற பேச்சு எழும்போது வினாவும் பக்கத்தைத் தனக்கென்று பிடித்துக்கொள்வது நினைவிருக்கும். திரையரங்கு சிரித்தது. கேட்பவனுக்கு அறிவு வேண்டாம், துணிவு போதும் என்பது மக்களுக்குத் தெரிந்த செய்திதானே!

அகப்பாடல்களின் அடியில் நிற்கும் துறைக் குறிப்புகளும் இத்தகையனவே. யார் கூற்று, யாரிடம், எந்தச் சூழலில் என்று அவை தெரிவிக்கின்றன. பாட்டெழுதிய புலவர் எழுதியவை அல்ல அவை, பிற்காலத்தார் வகுத்தவை. அவற்றின் துணையின்றி நாம் பாட்டுக்குள் நுழைய அஞ்சுகிறோம். அவற்றின் துணையோடு நுழைந்தால் அவை காட்டிய அறைக்குள்ளேயே சுற்றி வருகிறோம்.

பொற்கிழி இன்னொரு கதையிலும் தொங்குகிறது. அது நம் ஊர்க் கதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டி வந்தவர் விட்டுசித்தர். மதுரையில் ஸ்ரீவல்லப பாண்டியன் பரம்பொருள் எது என்று தெளிய விரும்பி, செல்வநம்பியின் அறிவுரைப்படி பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான் என்று வைணவ குருபரம்பரை கூறும். இறைவன் கனவில் ஏவ, மாலைகட்டியவர் மதுரை சென்று மறைகளை எடுத்துரைக்கிறார். கிழி தானே தாழ்ந்து வந்து அறுபடுகிறது. இங்கே வினா முந்தியது, விடை பிந்தியது, நன்னூலார் மகிழ்வார். ஆனால் அந்த விடை எங்கே? அரசவையில் அவர் என்ன உரைத்தார் என்பது பாட்டாக நிற்கவில்லை. நிற்பது வேறொன்று. வெற்றி பெற்றவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் கொண்டுவந்தபோது, வானில் காட்சி தந்த பெருமாளைக் கண்டு, அவனுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி அவர் பாடிய திருப்பல்லாண்டு. அதை அரசன் கேட்கவில்லை, புலவர்கள் கேட்கவில்லை, எந்தக் கிழியும் அதற்காகக் கட்டப்படவில்லை. கேட்ட கேள்விக்குச் சொன்ன விடை அரசவையோடு கரைந்துபோக, கேளாமல் பிறந்த செப்பு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் தலைவாயிலில் நிற்கிறது. குமரியாடி வந்த வழிப்போக்கனுக்கு இவர் உறவினர். அவனுக்குப் பசி நெருக்கடி. இவருக்கு அன்பு நெருக்கடி.

அந்த வீட்டிலேயே எதிர்க்கட்சியும் இருந்தது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஏழாம் பதிகம் முழுவதும் வெண்சங்கை நோக்கியது. மாதவன் வாயின் சுவையும் மணமும் எப்படிப்பட்டவை என்று சங்கைக் கேட்கிறாள். சங்கு விடை சொல்வதில்லை. குறுந்தொகைத் தும்பியிடம் கேட்டவன் விடையை அறிந்தே கேட்டான். ஆண்டாளோ உண்மையாகவே அறியாதவள்; சங்குக்குத் தெரியும், தனக்குத் தெரியாது என்பதே அவள் ஏக்கம். அறியான் வினாவுக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு இலக்கண உரைகளில் இல்லை என்பேன். தந்தை கேளாததற்குச் செப்பினார்; மகள் செப்பாததைக் கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூரையின் கீழ் இரண்டும் இருந்தன என்பதை நம் பட்டிமன்ற நடுவர்கள் இனியேனும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வினாக்கள் மட்டுமே கொண்ட ஒரு நூலும் தமிழில் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய வினா வெண்பா, மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் ஒன்று. 13 வெண்பாக்கள். தம் ஆசிரியர் மறைஞான சம்பந்தரை நோக்கி வினாக்களை அடுக்குகிறார். ஆசிரியர் சொன்ன விடை நூலில் இடம்பெறவில்லை. கற்றவர்கள் வினாவுக்குள்ளேயே விடையைக் கண்டெடுக்க வேண்டும். வினாவை ஒழுங்காகக் கேட்டாலே போதும் என்னும் இந்த நம்பிக்கை மேலைநாட்டிலும் ஒருவருக்கு இருந்தது. ஆக்ஸ்போர்டு மெய்யியலாரும் வரலாற்றறிஞருமான காலிங்வுட், 1939-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், ஒரு கூற்று எந்த வினாவுக்கு விடையாக எழுந்தது என்று அறியாதவரை அக்கூற்றின் பொருளையே அறிய முடியாது என்று வாதிடுகிறார். இலண்டனில் நாள்தோறும் தாம் கடந்து சென்ற, தமக்கு மிக அருவருப்பாய்த் தோன்றிய ஒரு நினைவுச் சின்னத்தைப் பற்றி, இதைக் கட்டியவன் எதைச் செய்ய முயன்றான் என்று கேட்கத் தொடங்கியதிலிருந்து இக்கருத்து வளர்ந்தது என்கிறார். நல்ல கருத்து, வரலாறு எழுதுவோர்க்கு இன்றியமையாததும்கூட. ஆனால் குமரியாடி வந்தவனை அவர் சந்தித்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்.

நம் மாவட்டத்துத் திருச்சுழிக்கு வருவோம். 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன் பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டார். 1896 ஜூலையில், மதுரையில் சிற்றப்பா வீட்டில், நோய் ஏதுமின்றி நலமாக இருந்த 16 வயது மாணவனைத் திடீரென்று மரண அச்சம் பற்றியது. உடலை நீட்டிப் படுத்து, இறப்பது எது என்று தன்னுள் நோக்கினான். அது எண்ணி எண்ணிக் கண்ட முடிவன்று, நேரே பளிச்செனப் பட்ட உண்மை என்று அவரே பின்னர்க் கூறியிருக்கிறார். வினா எழுந்ததும் விடை வந்ததும் ஒரே கணம். இடையில் நூலிழை நுழைய இடமில்லை. வேதாந்த நூல்களை அவர் அப்போது கற்றிருக்கவில்லை. திருவண்ணாமலைக்குச் சென்ற பிறகு பிறர் கொண்டுவந்த நூல்களைக் கேட்டபோதுதான், தாம் உணர்ந்ததற்கு அவற்றில் பெயர்கள் இருப்பதை அறிந்தார். செப்பு முன்னே, இலக்கணம் பின்னே.

ஆனால் இங்கு நம்மை ஈர்ப்பது ஒரு நூலின் வரலாறு. 1902-ஆம் ஆண்டளவில், தென்னார்க்காட்டு வருவாய்த் துறையில் பணியாற்றிய மெய்யியல் பட்டதாரி சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்ச குகைக்குச் சென்று அவரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அந்நாளில் பேசுவதில்லை. சைகையால் விடை சொன்னார். விளங்காதபோது எழுதிக் காட்டினார். பிள்ளை நினைவிலிருந்து குறித்து வைத்தவை 14 வினாக்களும் விடைகளும். 1923-இல் அவை 'நான் யார்?' என்று முதன்முதலாக அச்சேறின. பிறகு நடந்தது வியப்பானது. சில பதிப்புகளில் வினாக்கள் 30, சிலவற்றில் 28. வினாக்கள் பெருகின. ஒரு விடையையே இரண்டாகப் பிரித்து நடுவில் புதுக் கேள்வி ஒன்றைச் செருகினால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? பின்னர் ரமணரே அந்நூலைக் கட்டுரை வடிவில் எழுதினார். அதில் வினாக்கள் எல்லாம் நீங்கிவிட்டன. கேட்டவர் மறைந்தார், சொன்னது நின்றது. ஒரேயொரு வினா மட்டும் எஞ்சியது. அது நூலின் தலைப்பு.

அதே ஆண்டுகளில் கம்பீரம் சேஷய்யர் என்னும் அன்பரின் ஐயங்களுக்கு ரமணர் சீட்டுகளில் எழுதித் தந்த விளக்கங்கள், பிற்காலத்தில் நடனானந்தரால் வினாவிடையாக ஒழுங்குசெய்யப்பட்டு 'விசார சங்கிரகம்' ஆயின. ஒரு நூலில் வினாக்கள் உதிர்ந்தன. மற்றொன்றில் விடைச் சீட்டுகளுக்கு வினாக்கள் அமைக்கப்பட்டன. பதிப்பாசிரியர் கையில் வினா என்பது வேண்டும்போது போட்டுக் கழற்றும் சட்டையாக இருந்திருக்கிறது.

இதுவரை சொன்னவை தொல்காப்பியரின் பக்கமே தராசைத் தாழ்த்துகின்றன. கவிதையைப் பொறுத்தவரை நானும் அப்பக்கமே. ஆனால் ஏட்டைவிட்டு நம் மாவட்டத்தின் தொழிலுக்குள் இதே வழக்கைக் கொண்டுபோனால் தராசு வேறுவிதமாக ஆடுகிறது.

சிவகாசியில் ஏன் தீப்பெட்டியும் பட்டாசும்? பள்ளிப்பிள்ளை முதல் சுற்றுலாக் கையேடு வரை ஒரே விடை: மழை குறைந்த கரிசல் நிலம், வேளாண்மை பொய்த்தது, காய்ந்த காற்று மருந்து உலர உதவியது. இவ்விடையில் பொய்யில்லை. ஆனால் கரிசல் வேறு ஊர்களிலும் காய்ந்துதான் கிடந்தது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்க அச்சுக்கூடங்கள் பெருகின. தொழில் வேரூன்றிய பின்னரே, வானம் பொய்த்ததால் இது வந்தது என்னும் கதை முழுமை பெற்றது. தும்பிப் பாட்டுக்குப் பாண்டியனின் ஐயம் அமைந்ததுபோல, ஆலைக்கு வறட்சி அமைந்தது.

அந்த வினாவும் எதையோ வெட்டித்தான் விட்டது. வானிலையைக் காரணமாகச் சொல்லிவிட்டால் மனிதரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. குச்சி அடுக்கியவை, பெட்டி ஒட்டியவை, மருந்து செலுத்தியவை எந்தக் கைகள்? அந்தக் கைகளின் வயது என்ன? இவற்றை வானம் கேட்காது. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது 1980-களில். தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு தயாரிப்பில் குழந்தைகளை அமர்த்தலாகாது என்ற சட்டம் 1986-இல் வந்தது. அபாயமான தொழிலில் குழந்தையை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அவ்வழக்கில் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 10 அன்று. குச்சி அடுக்கும் பிள்ளை சிவகாசிக்குப் புதிய காட்சியன்று. எல்லார் கண்ணுக்கும் எதிரே இருந்த செப்பு அது. வினா இல்லாமையால் அது ஒரு செய்தியாகவே கருதப்படாமல் கிடந்தது. செப்பு வினாவின்றியும் நிகழும் என்ற உரையாசிரியர், வினாவின்றி அது எவர் காதில் விழும் என்று சொல்லவில்லை.

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றிற்கெல்லாம் விதி உண்டு. அறைச் சுவரிலேயே எண்கள் எழுதப்பட்டிருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதிக்கப்பட்ட அளவு என்ன, இருந்த அளவு என்ன என்னும் வினாக்கள் அதன்பின் எழுந்தன; ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் அதே வினாக்கள் அதே வரிசையில் எழுகின்றன. முதல் பாதிக்குரிய விடை வினாவுக்கு நெடுங்காலம் முன்பே சுவரில் இருந்தது. இவை அறியான் வினாவா, ஐயவினாவா, அறிபொருள் வினாவா என்று என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "பிந்திய வினா அம்மா" என்றாள். தொல்காப்பிய உரைகளில் அப்படி ஒரு வகை இல்லை. சேர்த்துக்கொள்ளலாம்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் இந்தப் பத்தாண்டுகளில் பட்டாசைப் பற்றியும் மருந்து படிந்த கைகளைப் பற்றியும் நிறையப் பாடியிருக்கிறார்கள். எவரும் கேட்டுப் பாடியவை அல்ல. எந்தக் கிழிக்காகவும் பாடியவை அல்ல. அவற்றுள் சில இம்மலரிலும் இடம்பெறும் என்று அறிகிறேன். அவற்றின் அடியில் யார் கூற்று, யாரிடம், எப்போது என்று துறை எழுதப்போகிறவர் இன்னும் வரவில்லை. வரும்போது, வறட்சி என்று எழுதிவிட்டுப் போய்விடாதபடி, பாட்டுகளுக்குக் கீழே ஊரின் பெயரையும் நாளையும் கவிஞர்களே குறித்துவைத்தால் நல்லது.